முதல் தண்ணி

சமீரா விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தாள். வாயைக் கொப்பளித்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி மூக்கில் உறிஞ்சினாள். உறிஞ்சியவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குனிந்துவிட்டாள்.

"உம்மா... எரியுதும்மா. மொளகாத்தூள் போட்ட மாதிரி இருக்கு."

அடுப்படியிலிருந்து அமீருன்னிசா ஓடி வந்தாள். மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. மூக்கிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தை மாசத்துப் பனி. தலையில துணி போட்டுக்கன்னு சொன்னா கேக்குறியா? ஈரத் தலையோட வண்டியில காத்துல வர்ற. வேற என்னா ஆவும்?"

அப்போது எல்லோரும் பனியைத்தான் திட்டினார்கள். பாவம், அந்த வருடத்துப் பனி செய்யாத குற்றத்துக்கெல்லாம் பேச்சு வாங்கியது.

சமீராவுக்குப் பதினைந்து வயது. பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் நீச்சல் போட்டிக்குப் போகிற ஒரே பெண். அவளுடைய வாப்பா அப்துல் வதூது வெளிநாட்டுச் சபர் போய் வந்தவர். ஷார்ஜாவில் ஒரு ஓட்டலில் பதினோரு வருடம் நீச்சல் குளம் பார்த்துக்கொண்டார். 'ஓட்டல்ல பெரிய வேலை' என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவரும் மறுக்கவில்லை. கொரோனா காய்ச்சலில் அங்கே தொழிலாளர் கேம்பில் இருபது நாள் கிடந்து, பிழைத்ததே போதும் என்று ஊர் திரும்பினார். வந்த நேரத்தில் சிதம்பரம் போகிற வழியில் வைத்திலிங்கம் என்பவர் புதிதாக நீச்சல் குளம் கட்டியிருந்தார். மாதக் கட்டணம் கட்டி நீந்துகிற குளம். ஷார்ஜா ஆள் என்றதும் வைத்திலிங்கம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் குளத்தில்தான் சமீரா நீந்தப் பழகினாள். விளையாட்டாகத் தண்ணீரில் விட்ட பிள்ளை ஆறு மாதத்தில் ஆண்பிள்ளைகளைத் தாண்டிப் போனாள். அவள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் செம்பியன் ஒருநாள் ஸ்டாப் வாட்ச்சோடு வந்து நின்றார். நேரத்தைப் பார்த்தார். மறுபடியும் நீந்தச் சொல்லிப் பார்த்தார்.

"பாய், இந்தப் பொண்ணு மாசி மாசம் கடலூர்ல நடக்குற செலக்சன்ல மொத நாலு பேருக்குள்ள வந்தா போதும். மாநிலப் போட்டிக்குப் போவலாம். அங்கேர்ந்து மெட்ராஸ் ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல். படிப்பு, சாப்பாடு எல்லாம் அவுங்களே. ஆனா பதினாறு வயசுக்குள்ள பிரிவுல இவளுக்கு இது கடைசி வருசம்."

தெருவில் பேசத்தான் செய்தார்கள். 'வயசுக்கு வந்த பொண்ண தண்ணியில எறக்கிவிட்டு' என்று ஆரம்பித்தவர்களிடம் அமீருன்னிசா, "எறங்குறது என் மவ. ஒங்களுக்கு ஏன் நனையுது?" என்று கேட்டாள். அதற்குமேல் யாரும் அவளிடம் வாய்கொடுக்கவில்லை. கையும் காலும் மூடிய நீச்சல் உடை ஒன்றை அவள் தம்பி அஷ்பாக் ஷார்ஜாவிலிருந்து அனுப்பினான். மூன்று மாதத்துக்கு ஒருதடவை மச்சானுக்கு அத்தர் பாட்டில் அனுப்புகிறவனும் அவன்தான்.

வதூது ஒரு ஏற்பாடு செய்தார். குளத்துக்கு ஆண்கள் வருவது காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் குளம் சமீராவுக்கு. தொழுதுவிட்டு வாப்பாவும் மகளும் டி.வி.எஸ்ஸில் கிளம்புவார்கள். முட்லூர் தாண்டும்போது வெளிச்சம் வரும். ஆறு மணிக்கு அவர் குளத்துக்கு மருந்து போடுவார். குளோரின் பவுடரை மக்கில் அள்ளி, வாளித் தண்ணீரில் கலக்கி, கரையைச் சுற்றி நடந்து ஊற்றுவார். அவர் சுற்றி முடிக்கவும் சமீரா குதிக்கவும் சரியாக இருக்கும்.

"யாரு காலும் படாத மொதத் தண்ணி. ஷார்ஜாவுல ஷேக்கு ஊட்டுப் புள்ளைக்குக்கூட இது கெடைக்காது," என்பார். மகளுக்கு நல்லதைத்தான் கொடுத்தோம் என்று அந்த மனிதர் அவ்வளவு நம்பினார்.

மருந்து அளவைப் பார்க்க வைத்திலிங்கம் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பக்கத்தில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டு அளவு தெரிந்துகொள்ள வேண்டும். வதூது அதைப் பிரிக்கவே இல்லை. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து மோந்து பார்ப்பார். போதாது என்று தோன்றினால் இன்னொரு அரை மக்கு.

"பதினோரு வருசம் மோந்த மூக்கு சார் இது. இதவிட மிசினு எங்க இருக்கு?"

நீந்த வந்தவர்கள் கண் எரிகிறது என்றார்கள். அரை மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டுப் போகிறவர்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டார்கள். வைத்திலிங்கத்துக்கோ ஒருவகையில் சந்தோஷம். மருந்து வாசனை அடித்தால்தான் குளம் சுத்தம் என்று ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது அவர் கணக்கு.

சமீராவின் எரிச்சல் ஒரு வாரத்தில் போய்விடும் என்று பார்த்தார்கள். போகவில்லை. தும்மல் வந்தது. ஒரே மூச்சில் பத்து, பதினைந்து. அப்புறம் மூக்கடைப்பு. கண்ணுக்குக் கீழே, புருவத்துக்கு மேலே ஒரு வலி. குனிந்தால் தலைக்குள் தண்ணீர் குடம் சாய்ந்த மாதிரி பாரம். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். பதினைந்து வயதுப் பெண் நாற்காலியில் தொழுவதைப் பார்க்க அமீருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

நொச்சி இலை பறித்து வந்து மகளை வேது பிடிக்க வைத்தாள். விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டினாள். கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில் முடிந்து மகள் தலையணைக்குக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் ஒன்றைச் செம்பியன் வாங்கிக் கொடுத்தார். சுவரை உதைத்துத் திரும்பும்போது அது நழுவி எங்கோ போனது.

"ரெண்டு நாளு லீவு போடேண்டி," என்றாள் அமீருன்னிசா.

"இன்னும் பன்னண்டு நாளுதான் உம்மா இருக்கு. செலக்சன் முடியட்டும். அப்புறம் ஒரு மாசம் படுத்தே கெடக்குறேன்."

சிதம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே வீங்கியிருக்கிறது, இன்ஃபெக்ஷனும் ஆகியிருக்கிறது என்றார். மாத்திரை, ஸ்ப்ரே, உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவது என்று எழுதினார்.

"மூணு வாரம் குளத்துல எறங்கக்கூடாது. அங்க குளோரின் அளவெல்லாம் ஒழுங்கா செக் பண்றாங்களா?"

வதூது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் டாக்டர் பாத்துக்குறேன். ஷார்ஜாவுல பதினோரு வருசம் இதே வேலை."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் வதூது மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இன்ஃபெக்ஷன் என்றால் கிருமி. கிருமி எங்கிருந்து வரும்? தண்ணீரிலிருந்துதான். ஊர்ப்பட்ட ஜனம் வந்து குளிக்கிற தண்ணீர். சமீராவோ கேட்கிறவளாக இல்லை, மறுநாளும் குளத்தில் இறங்குவேன் என்று நிற்கிறாள். வாப்பா என்ன செய்வார்? மறுநாள் காலையில் வழக்கத்தைவிட ஒரு மக்கு பவுடர் கூடப் போட்டார். அதற்கு அடுத்த நாளும் போட்டார். குளத்து நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு நிறைந்தது.

அந்த நாட்களில் வீட்டில் வேறு இரண்டு சங்கதிகளும் நடந்தன. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒன்று, வேலை முடிந்து வரும்போது வதூது காணாங்கெளுத்தி வாங்கி வந்தார். பையைத் திறந்த அமீருன்னிசா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சான், இத எந்த மீன்காரக் கெழவி ஒங்க தலையில கட்டுனா? பரங்கிப்பேட்டையில பொறந்து வளந்துட்டு அழுகுன மீன வாங்கியாந்திருக்கீங்களே. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"பாக்க நல்லாத்தான இருந்திச்சு?"

"பாக்க நல்லாருந்திச்சா! மீன கண்ணால மட்டுந்தான் வாங்குவாங்களா?"

இன்னொன்று அத்தர். மூன்று மாதம் வர வேண்டிய பாட்டில் மூன்று வாரத்தில் காலியானது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலில் நுழைந்தால் கடைசி வரிசை வரைக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற ரிஸ்வான், "வதூது மாமா, ஒங்க பக்கத்துல நின்னா தொழுவை ஓடல, தும்மல்தான் ஓடுது. கல்யாணம் ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வதூதும் சிரித்தார். இப்போதெல்லாம் அத்தரிலும் கலப்படம், வாசனையே நிற்பதில்லை என்று சொன்னார்.

கடலூர் செலக்சன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதல் நாள் இரவு சமீரா தூங்கவில்லை. மூக்கு இரண்டும் அடைத்துப்போய் வாயால் மூச்சு விட்டு விட்டு உதடு வெடித்திருந்தது. ஆனாலும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள். அமீருன்னிசா இடியப்பமும் தேங்காய்ப்பாலும் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

இருநூறு மீட்டர். நாலு சுற்று. முதல் இரண்டு சுற்றில் சமீராதான் முன்னால் போனாள். கரையில் செம்பியன் தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாவது சுற்றில் சுவரை உதைத்துத் திரும்பியபோது அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. மூச்சுக்காக ஒவ்வொரு கைவீச்சுக்கும் தலையைத் தூக்கினாள். பக்கத்துத் தடத்துப் பெண் தாண்டினாள், அப்புறம் இன்னொருத்தி. நாலாவது சுற்றில் பாதி வழியில் சமீரா நின்றுவிட்டாள். தடம் பிரிக்கிற மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள். மூக்கிலிருந்து மெல்லிய ரத்தக் கோடு இறங்கித் தண்ணீரில் கரைந்தது.

பேருந்தில் ஊர் திரும்பினார்கள். இடியப்பம் கட்டியபடியே திரும்பி வந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது சமீரா, "உம்மா, அந்த மொதல்ல வந்த பொண்ணு இருக்குல்ல, அத நான் போன வருசம் ரெண்டு தடவ தோக்கடிச்சிருக்கேன்," என்றாள். அமீருன்னிசா மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வதூது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டிருக்கலாம் என்று அவர் அப்போதுகூட நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு நாலாம் நாள், வியாழக்கிழமை. அந்தி மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அமீருன்னிசா பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அது அஷ்பாக்கின் மனைவி சாய்ராவின் வீடு. பனிக்காற்று மகள் மேல் படக்கூடாது என்று ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சமீரா கூடத்தில் போர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். வதூது தொழுகைக்குத் தயாராகி, வியாழன் பொழுது சாய்ந்தால் வெள்ளி இரவு என்று ஊதுபத்தி ஏற்றுவதற்காகத் தீப்பெட்டியை எடுத்தார்.

"பத்த வெக்காதீங்க!"

வாசலிலிருந்து அமீருன்னிசா போட்ட சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றது. அவள் ஓடி வந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள். குச்சிகள் கூடமெல்லாம் சிதறின. உள்ளே ஓடி சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். மகளையும் புருஷனையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து, எவ்வளவு நேரமாகவோ கேஸ் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாய்ரா ஊட்டு வாசல்லயே நாத்தம் கொடலப் பொரட்டுது. உள்ள ரெண்டு பேரும் எப்புடி உக்காந்திருந்தீங்க? இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா எனக்கு யாரு இருக்கா?"

"எனக்குத்தான் மூக்கே இல்லையே உம்மா," என்றாள் சமீரா. "பத்து நாளா எந்த வாசனையும் தெரியல." சொல்லிவிட்டு வாப்பாவைப் பார்த்தாள். "வாப்பா, ஒங்களுக்கு?"

வதூது மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

அமீருன்னிசா அவரையே உற்றுப் பார்த்தாள். "அன்னிக்கி மீனு," என்றாள். "அந்த அத்தரு." பிறகு, "மச்சான், காச்சல்ல போன வாசனை திரும்பி வந்திருச்சுன்னுதான சொன்னீங்க?"

"வந்திச்சு அமீரு. சத்தியமா வந்திச்சு. கொஞ்சமா வந்திச்சு. வந்தது அவ்வளவுதான்னு எனக்கு எப்புடித் தெரியும்? அதான் முழு வாசனைன்னு நெனச்சுகிட்டேன்."

பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் தொழப் போகவில்லை. தெருவிலேயே, வீட்டுப் படிக்குக் கீழே உட்கார்ந்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"நான் மூக்கால பாத்துத்தான மருந்து போடுறேன்."

சமீரா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வதூது தனியாகக் குளத்துக்குப் போனார். அலமாரியில் தூசி படிந்திருந்த டப்பாவைப் பிரித்தார். குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். இளமஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் மஞ்சளைத் தாண்டி, டப்பாவில் போட்டிருந்த கடைசி நிறத்தையும் தாண்டி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. கொட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். வைத்திலிங்கம் வந்தபோது அவர் கரையில் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட வைத்திலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் பாய், எனக்கே இங்க நின்னா மூக்கு எரியுந்தான். சபர்ல பாத்த ஆளாச்சே, ஒங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன். நானாவது வாயத் தொறந்து கேட்டிருக்கணும்." அப்புறம் அவரே தோளைத் தட்டினார். "சரி விடுங்க. பாதித் தண்ணிய மாத்திட்டு, நாலு நாளு மருந்து போடாம வெயில்ல விடுவோம். இனிமே டப்பாவுல பாத்துப் போடுங்க."

அவ்வளவுதான் விஷயம். டப்பாவில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அந்த வாரத்துக்குப் பிறகு குளத்தில் யாருக்கும் கண் எரியவில்லை. அதே வேலை, அதே சாவி, அதே டி.வி.எஸ். வதூதை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமீராவும் திட்டவில்லை. நீச்சல் உடையைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். டாக்டரம்மா இந்த முறை விவரம் கேட்டுக்கொண்டு, இந்த வருடம் முழுக்கக் குளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீக்கம் வடியும். வலி குறையும். வாசனை திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "பெரும்பாலும் வந்துரும். மூணு மாசமாவலாம், கூடவும் ஆவலாம். தினமும் ஏதாவது ஒரு வாசனையக் காட்டிப் பழக்குங்க," என்றார்.

அந்த வேலையை வதூது எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மகள் முன்னால் உட்காருவார். ஒருநாள் கிராம்பு, ஒருநாள் எலுமிச்சைத் தோல், ஒருநாள் வறுத்த காப்பித்தூள். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காட்டுவார்.

"தெரியுதாம்மா?"

"தெரியல வாப்பா."

"பரவால்ல. நாளைக்கிப் பாப்போம்."

அவரும் ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போவார். பங்குனி போய்ச் சித்திரை வந்தது. கடலூரில் தேர்வான நாலு பெண்களில் இரண்டு பேருக்கு மெட்ராஸ் ஆஸ்டலில் இடம் கிடைத்ததாகச் செம்பியன் சொல்லிவிட்டுப் போனார். சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கு அமீருன்னிசா சோற்றைக் குழையவிட்டாள். வதூது சாப்பிடாமல் எழுந்தார். சமீரா மட்டும் தட்டைக் காலி செய்து, கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஷ்பாக்கிடமிருந்து புது அத்தர் வந்திருந்தது. சாய்ரா காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஜும்ஆவுக்குக் குளித்து வெள்ளை உடுத்திய வதூது பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மகளிடம் வந்தார். கேஸ் கசிந்த நாளிலிருந்து அவர் அத்தர் பூசுவதில்லை.

"கண்ண மூடிக்க. இன்னிக்கி இதப் பாப்போம். நல்ல ஊது அத்தராம், மாமா எழுதியிருக்கான்."

சமீரா கண்ணை மூடினாள். அவர் பாட்டிலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். சமீரா மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"தெரியுதா?"

அவள் இன்னொரு தடவை இழுத்தாள்.

"தெரியுது வாப்பா."

"நெசமாவா?"

"ஆமா வாப்பா. நல்லா மணக்குது."

வதூது பாட்டிலைக் கையில் இறுக்கிப் பிடித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னார். அடுப்படியைப் பார்த்து, "அமீரு! புள்ளைக்கி வாசனை வந்திருச்சு!" என்று கத்தினார். அமீருன்னிசா கரண்டியோடு ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல்தடவையாக அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். போகிற வழியில் யாரைப் பார்த்தாலும் சலாம் சொன்னார்.

பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பாட்டில் இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு சொட்டு பூசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மகளுக்கு மணக்கிற அத்தர். மூடியைத் திருகினார். திரும்பவில்லை. அழுத்தித் திருகினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூடியையும் கழுத்தையும் சேர்த்து ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

உள்ளே தொழுகைக்கு முன் இமாம் பேசும் குத்பா ஆரம்பித்துவிட்டது. ரிஸ்வான் பின்னாலிருந்து வந்து, "என்னா மாமா, இன்னிக்கி வாசனையே காணும்?" என்று கேட்டான்.

"இல்லப்பா. இன்னிக்கி பூசல," என்றார் வதூது. பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒளு செய்யும் தொட்டியடியில் உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தினார். மூக்குக்குக் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்தது.